வகுப்பறைக்குள் ஒரு குகை: தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளோடு பாறை ஓவியம் வரைவது எப்படி?

பாறை ஓவிய வகுப்பு என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒரு காட்டெருமைக் கோட்டுப்படத்தை அச்செடுத்துப் பிள்ளைகளிடம் கொடுப்பார்கள். பழுப்பு கிரேயானால் தீட்டச் சொல்வார்கள். அரைமணி நேரத்தில் ஒரே அச்சில் 30 எருமைகள் சுவரேறிவிடும். அதில் பாறையும் இல்லை, மண்ணும் இல்லை.

உண்மையான குகையில் பாறைதான் முதலில், விலங்கு அதன்பிறகு. ஸ்பெயினின் அல்தமிரா குகைக்கூரையில் புடைத்து நிற்கும் மேடுகளையே உடம்பாக வைத்துக் காட்டெருமைகளை வரைந்திருக்கிறார்கள். 1879இல் அந்த எருமைகளை முதலில் கண்டு அப்பாவிடம் சொன்னது மரியா என்ற எட்டு வயதுச் சிறுமி. இதை வகுப்பில் சொல்லத் தவறாதீர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். இந்த வழிகாட்டியின் மையமும் அதுதான்: மேடுபள்ளமான ஒரு பரப்பை முதலில் செய்துவிட்டு, அதற்குள் விலங்கைத் தேட வைப்பது.

30 பிள்ளைகள், ஐந்து பேராக ஆறு குழுக்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரமாக மூன்று வகுப்புகள் என்ற கணக்கில் அளவுகள் தந்திருக்கிறோம். முதல் வகுப்பில் பாறை, இரண்டாவதில் வண்ணமும் தூரிகையும், மூன்றாவதில் ஓவியம். முதல் இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு நாள் வெயில் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். பசை காயாமல் பூசணம் பூத்து, வகுப்பறையே நாறிவிடும்.

எந்தக் குகை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பிரான்ஸின் லாஸ்கோ எருமையையும் நம்மூர்க் குதிரைவீரனையும் ஒரே சுவரில் கலக்க வேண்டாம். இரண்டுக்கும் இடையே பல்லாயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன. ஐரோப்பியக் குகைகளில் விலங்குகள்தான் அதிகம், மனித உருவம் அரிது. இந்தியப் பாறைகளில் மனிதர்கள் நிறைய: வேட்டை, நடனம், கைகோத்து நிற்கும் வரிசை. போபாலுக்குத் தெற்கே இருக்கும் பீம்பேட்காவை 1957இல் தொல்லியல் ஆய்வாளர் வாகங்கர் வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். 2003இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கே ஒரே பாறையில் விலங்குக்கு மேல் விலங்காக, காலத்துக்கு மேல் காலமாகத் தீட்டியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையில் செங்காவி உருவங்கள், கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடியில் வெள்ளை நிறத்தில் குதிரைமேல் வரும் வீரர்கள், நீலகிரியில் கரிக்கியூர் என்று நிறைய உண்டு. தென்னிந்தியப் பாறையில் குதிரைமேல் ஆள் இருந்தால், அது இரும்புக்காலத்தை ஒட்டியோ அதற்குப் பிறகோ வரைந்தது. எனவே 'ஆதிமனிதன்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், 'இது இன்ன காலம்' என்று சொல்லிவிடுங்கள்.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு நம்மூர்ப் பாணிதான் வசதி. கோடாக ஓர் உடம்பு, நாலு கோடு கைகால், எல்லாராலும் முடியும். நான்கு, ஐந்தாம் வகுப்பென்றால் அல்தமிரா முறையில் மேட்டைப் பார்த்து விலங்கு கண்டுபிடிக்கச் சொல்லலாம். ஆறு குழுவில் ஒரு குழுவாவது டைனோசர் வரையக் கேட்கும். அது அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன, அப்போது மனிதனே இல்லை என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

பாறை செய்தல்

குழுவுக்கு ஓர் அட்டை. பிரிட்ஜ், வாஷிங் மெஷின் வரும் நெளி அட்டைப் பெட்டியைப் பிரித்தால் ஏறக்குறைய 60க்கு 90 செ.மீ. துண்டுகள் கிடைக்கும். சார்ட் பேப்பர் போதாது. ஈரம் பட்டதும் சுருண்டுகொள்ளும். நெளி அட்டையும் ஒரு பக்கம் மட்டும் பசை பூசினால் வளையும். அதனால் பின்பக்கமும் ஒரு கை பசை பூசிவிடுங்கள், இழுப்பு சமமாகிவிடும்.

மைதாப் பசைக்கு ஒரு டம்ளர் மைதாவை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். நான்கு டம்ளர் தண்ணீர் தளதளவெனக் கொதிக்கும்போது அதை ஊற்றி, மூன்று நான்கு நிமிடம் கிளறினால் கண்ணாடிபோல் மினுங்கிவரும். மாவை நேரே கொதிநீரில் கொட்டினால் கட்டிகட்டியாகி ஒன்றுக்கும் ஆகாது. ஆறு குழுவுக்கு இதேபோல் மூன்று பங்கு வேண்டும். போஸ்டர் ஒட்டுபவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு. பிள்ளைகள் கைவிட்டு அளையும் பசையில் ஒரு சிட்டிகைகூடச் சேரக்கூடாது. அன்றன்றைக்குக் காய்ச்சி அன்றே தீர்த்துவிடுங்கள்.

பழைய செய்தித்தாளைக் கசக்கி உருண்டையாகவும் நீளமாகவும் அட்டைமேல் ஒட்டச் சொல்லுங்கள். உயரம் நான்கு விரற்கடைக்கு மேல் போனால் உள்ளே காயாது. அதன்மேல் மூன்று விரல் அகலக் கீற்றுகளைப் பசையில் நனைத்து, உபரிப் பசையை விரலால் வழித்துவிட்டு, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு மூடினால் போதும். ஆர்வத்தில் ஆறு அடுக்கு போடுவார்கள். தடுங்கள், தடித்தது வெளியே காய்ந்து உள்ளே அழுகும். கடைசி அடுக்குக்கு நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட்டைக் கசக்கி விரித்துப் பயன்படுத்தினால், சுருக்கங்களெல்லாம் பாறை வெடிப்பாகத் தெரியும். பளபளப்புப் பூச்சுள்ள பக்கம் கீழே போகட்டும். மேலே இருந்தால் வண்ணம் பிடிக்காது.

இந்த வேலையில் எதை வரையப் போகிறோம் என்று பிள்ளைகளிடம் மூச்சுவிடாதீர்கள். சொன்னால் யானை வடிவத்தில் மேடு கட்டிவிடுவார்கள்.

மண்ணிலிருந்து வண்ணம்

நேரமெல்லாம் இங்கேதான் போகும், போகட்டும். கடை போஸ்டர் கலரை வாங்கி வைத்தால் பாதி வகுப்பு வீண்.

சிவப்புக்குச் செம்மண். இரண்டு கிலோ போதும். சாலையோரம், பழைய பெயின்ட் உதிரும் சுவரோரம், நாய் பூனை புழங்கும் இடம் வேண்டாம். ஓரடி தோண்டி எடுத்து, ஒரு நாள் வெயிலில் பரப்பி, கட்டியை உடைத்து, மாவுச்சல்லடையில் சலியுங்கள். பிறகு ஒரு பங்கு மண்ணுக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டு வாளியில் நன்றாகக் கலக்கி, முப்பது எண்ணுங்கள். மணல் அடியில் உட்காரும். சிவப்பு நீர் மேலே நிற்கும். அதை மட்டும் வேட்டித்துணியில் வடிகட்டி இன்னொரு பாத்திரத்தில் ஊற்றி, இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் மேலே தெளிந்த நீரைச் சாய்த்துவிட்டால் அடியில் வழவழவென்று செஞ்சேறு கிடைக்கும். அதுதான் நிறமி. அதை உலர்த்திப் பொடிப்பது வீண்வேலை. சேறாகவே புட்டியில் வைத்துக்கொள்ளலாம். வாளியின் அடிமணலையும் கொட்டிவிடாதீர்கள். இரண்டு டம்ளர் மணலோடு அரை டம்ளர் ஃபெவிகால், ஒரு டம்ளர் தண்ணீர் கலந்து காய்ந்த அட்டைமேல் பூசினால், கையால் தடவும்போதே பாறைபோல் சொரசொரக்கும்.

செம்மண் கிடைக்காத ஊரென்றால் நாட்டு மருந்துக் கடையில் காவிக்கட்டி வாங்குங்கள். அதே கடையில் செந்தூரமும் ஜாதிலிங்கமும் சிவப்பாகவே இருக்கும். வண்ணத்துக்கு அவற்றைத் தொடாதீர்கள். ஜாதிலிங்கம் பாதரசம் சேர்ந்தது, செந்தூரத்தில் ஈயம் இருக்கலாம். மலிவு விலைக் குங்குமமும் வேண்டாம்.

கறுப்புக்குக் கொட்டாங்குச்சிக் கரி அல்லது விறகுக்கரி, கால் கிலோ. துணிப்பையில் போட்டு வெளியே வைத்து ஆசிரியர் இடிக்கட்டும். பிள்ளைகள் காற்று வரும் திசையில் தள்ளி நிற்கட்டும். கரித்தூளோ காவித்தூளோ உலர்ந்த நிலையில் பிள்ளைகள் கையில் போகக்கூடாது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். இடித்த கரியை நேரே தண்ணீரில் போட்டால் மிதந்துகொண்டே இருக்கும், கலக்காது. கரித்தூள் எளிதில் நனையாது என்பதுதான் காரணம். முதலில் ஃபெவிகாலில் குழைத்துச் சாந்தாக்கி, பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். அப்படியும் அடம்பிடித்தால் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி.

வெள்ளைக்கு நாமக்கட்டி, 300 கிராம். தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறினால் தானே கரைந்துவிடும். சுண்ணாம்பு கூடவே கூடாது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வெள்ளையில் ஒரு சிக்கல் எல்லா வகுப்பிலும் வரும். நாமக்கட்டிக் குழம்பு ஈரமாக இருக்கும்போது தெரியவே தெரியாது, காய்ந்தால்தான் பளிச்சென்று வெளுக்கும். பிள்ளைகள் 'வரவே இல்லை' என்று மூன்று நாலு முறை அப்புவார்கள். தடித்த வெள்ளை காய்ந்ததும் வெடித்து உதிரும். ஒரு பழைய அட்டையில் ஒரு கோடு இழுத்துக் காற்றாடியின் கீழ் வைத்து, ஐந்து நிமிடத்தில் அது வெளுப்பதை எல்லாரும் பார்க்கட்டும். அதன்பிறகு யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

மஞ்சளுக்குச் சமையல் மஞ்சள்தூள் எடுக்கத் தோன்றும். வெயில் பட்டால் சில நாளிலேயே வெளிறிவிடும், துணியில் பட்டால் அம்மாக்கள் மன்னிக்க மாட்டார்கள். மஞ்சள் நிற மண் கிடைத்தால் அதைத் தெளித்தெடுங்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு: ஆசிரியர் அந்த மஞ்சள் மண்ணில் கொஞ்சத்தை இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பில் நன்றாகச் சூடேற்றினால் சிவப்பாக மாறும். மண்ணிலுள்ள இரும்புக் கனிமம் நீரை இழந்து வேறொன்றாகிறது. 250, 300 டிகிரி வெப்பத்தில் நடக்கும் மாற்றம் இது. பழங்கற்கால மனிதருக்கும் தெரிந்திருந்தது.

நீலம் ஏன் இல்லை, பச்சை ஏன் இல்லை என்று கேட்பார்கள். இரும்பு சேர்ந்த மண்ணும் கரியும் வெள்ளைக் களிமண்ணும் எங்கும் கிடைக்கும். நல்ல நீலக் கல் அப்படிக் கிடைக்காது. பீம்பேட்காவில் அரிதாகப் பச்சை உண்டு என்பதையும் சொல்லிவிடலாம்.

கலவை அளவு: செஞ்சேறாக இருந்தால் நான்கு மேசைக்கரண்டிக்கு ஒரு மேசைக்கரண்டி ஃபெவிகால் மட்டும் போதும். கரித்தூளென்றால் நான்குக்கு இரண்டு ஃபெவிகாலும், நாலைந்து மேசைக்கரண்டி தண்ணீரும். பதம் தோசைமாவுபோல இருக்க வேண்டும். குச்சியைத் தூக்கினால் நூலாக இறங்கித் துளியாக அறுபடும். ஃபெவிகால் கூடினால் காய்ந்தபின் பிளாஸ்டிக் மினுமினுப்பு வந்து பாறைத்தன்மை போய்விடும். குறைந்தால் விரலில் ஒட்டி வரும். ஃபெவிகால் வேண்டாம் என்பவர்கள் கருவேலம்பிசினை இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டிப் பயன்படுத்தலாம், அளவு அதேதான். முட்டையின் மஞ்சள் கருவும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளும், முட்டை தொடாத வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள், தவிர்ப்பது நல்லது.

தூரிகை

கடைத் தூரிகையை ஒளித்து வையுங்கள். பென்சில் பருமனில் ஒரு சாண் நீள வேப்பங்குச்சி, ஆலங்குச்சி, ஒரு பிள்ளைக்கு இரண்டு. நுனித்தோலை ஒரு விரற்கடை உரித்து, ஒரு மணி நேரம் ஊறவைத்து, கல்லின்மேல் வைத்துச் சிறு கல்லால் தட்டித் திருப்பித் தட்டினால் நார் பிரியும். பல்குச்சியாக மெல்லுவது இன்னும் வேகமான வழி. ஆனால் மென்ற குச்சி மென்றவருக்கு மட்டும்தான். வண்ணத்தில் தோய்த்தபின் வாய்க்கே போகக்கூடாது. காய்ந்த குச்சி தட்டினால் ஒடியும், நார் வராது. பெரிய பரப்புக்குத் தேங்காய் நாரைக் கொத்தாகக் கட்டலாம். புள்ளிக்கும் பட்டைக்கும் விரலைவிடச் சிறந்த கருவி கிடையாது.

வரையும் நாள்

வீட்டிலிருந்து அப்பாவின் பழைய சட்டையைக் கொண்டுவந்து முன்பின் மாற்றிப் போட்டுக்கொள்ளட்டும். காவியின் துகள் நூலுக்குள் புகுந்துகொண்டால் எந்த சோப்புக்கும் வராது. சீருடையில் தெறித்துவிட்டால் தேய்க்காதீர்கள். காயவிட்டு உதறி, பிறகு குளிர்ந்த நீரில் அலசுங்கள்.

ஜன்னல்களைச் சாத்தி, அட்டையைச் சுவரில் சாய்த்து, டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் தாழப் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். மேடுகளின் நிழல் நீண்டு குறுகும்போது, 'அங்கே முதுகு', 'இங்கே கொம்பு', 'அது படுத்திருக்கிற மாடு' என்று குரல்கள் கிளம்பும். உண்மையான குகைகளில் கொழுப்பு ஊற்றிய கல்விளக்கின் ஆடும் வெளிச்சத்தில்தான் இதெல்லாம் தெரிந்தது. குழுவில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விலங்கைக் கரிக்கட்டியால் லேசாகக் கோடிடட்டும். ரப்பர் கிடையாது என்பதை முன்பே அறிவித்துவிடுங்கள். கோடு தவறினால் அதையே இன்னொரு காலாக, இன்னொரு கொம்பாக மாற்றிக்கொள்ளலாம். பிரான்ஸின் ஷோவே குகையில் கொம்பும் கால்களும் ஒன்றுக்குப் பலவாக அடுக்கி வரைந்த விலங்குகள் இருக்கின்றன.

பிள்ளைகளின் கை பழக்கத்தில் அடியில் ஒரு தரைக்கோடு போடும், மூலையில் சூரியனை வைக்கும், பக்கத்தில் ஒரு வீடும் தென்னை மரமும் கட்டும். பாறை ஓவியத்தில் பொதுவாகத் தரைக்கோடு கிடையாது. விலங்குகள் மிதக்கும், சரியும், ஒன்றன்மேல் ஒன்று ஏறும். 'தரை இல்லை, வானம் இல்லை' என்ற ஒரே விதி போதும். விலங்கைப் பக்கவாட்டில் வரையுங்கள், கொம்பை மட்டும் நம் பக்கம் திருப்புங்கள் என்றால் லாஸ்கோ சாயல் வந்துவிடும். வெளிக்கோட்டுக்குக் கரி, உடலுக்குக் காவி. காவியை மேட்டின் உச்சியில் மெலிதாகவும் விளிம்பில் அழுத்தமாகவும் துணிப்பந்தால் ஒற்றினால் உடம்பு திரண்டு தெரியும்.

நேரம் இருந்தால், முதல் ஓவியம் காய்ந்தபின் அட்டைகளைக் குழுக்களுக்குள் மாற்றி, அடுத்தவர் ஓவியத்தின்மேல் வரையச் சொல்லுங்கள். அழுகை வரும், 'என் மாட்டுமேல வரையுறான் மிஸ்' என்று புகார் வரும். பீம்பேட்கா பாறையில் நடந்ததும் இதுதானே? ஆனால் கட்டாயப்படுத்த வேண்டாம். மறுக்கும் குழுவை விட்டுவிடுங்கள்.

கைத்தடம்

இதற்குத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள். பாறையில் கையை வைத்து, வாயிலிருந்தோ குழலிலிருந்தோ வண்ணத்தை ஊதினால் கையின் வெற்றிடம் மட்டும் தங்கும். அர்ஜென்டினாவின் 'கைகளின் குகை'யில் பெரும்பாலும் இடது கைகள். வலது கையில் குழல் பிடித்திருப்பார்கள் என்பது எளிய விளக்கம். பிரான்ஸின் கார்காஸ் குகையில் விரல் குறைந்த தடங்கள் பல. மடக்கி வைத்ததா, விரலே போனதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். உங்கள் பிள்ளைகளும் விரல் மடக்கிப் பார்க்கட்டும்.

வகுப்பில் வாயால் ஊதுவது வேண்டாம், ஸ்ட்ராவும் வேண்டாம். ஊதுவதற்குமுன் ஒருவராவது உறிஞ்சிவிடுவார். ஸ்பிரே பாட்டில் எடுங்கள். ஒரு பங்கு செஞ்சேற்றுக்கு எட்டுப் பங்கு தண்ணீர், இரண்டு மடிப்பு துணியில் இருமுறை வடித்தது. வடிக்காவிட்டால் மூன்றாவது அழுத்தலிலேயே மூக்கு அடைத்துக்கொள்ளும். அட்டையைத் தரையில் படுக்க வைத்து, உள்ளங்கையை அழுத்தி, விரல்களை விரித்து, இரண்டு சாண் உயரத்திலிருந்து மூன்று நான்கு அழுத்தல். கிட்டே பிடித்தால் நீர் தேங்கி விரலுக்கடியில் புகுந்து ஓரம் கலங்கும். பத்து எண்ணிவிட்டுக் கையை நேர்மேலே தூக்க வேண்டும், இழுக்கக்கூடாது. மேடான இடத்தில் கை சரியாகப் படியாது. இதற்குச் சமமான பகுதியைத் தேர்ந்தெடுங்கள். பாட்டில் இல்லையென்றால் பழைய டூத்பிரஷை வண்ணத்தில் தோய்த்துச் சீப்பில் இழுத்துத் தெறிக்கலாம், கொஞ்சம் அழுக்கான வேலை.

குகையாக்குதல், பிறகு கழுவுதல்

மேசைகளை இரண்டு வரிசையாக நகர்த்தி நடுவே மூன்றடி வழி விட்டு, பக்கங்களில் அட்டைகளைச் சாய்த்துக் கட்டி, மேலே பழைய போர்வையை விரித்தால் குகை தயார். இரு முனையும் திறந்திருக்கட்டும். உள்ளே ஒரு நேரத்தில் ஆறு பேர். இருட்டுக்குப் பயப்படும் பிள்ளை கடைசியாக, ஆசிரியர் கையைப் பிடித்துக்கொண்டு போகலாம், அல்லது போகாமலே இருக்கலாம். மெழுகுவத்தி, அகல் எதுவும் வேண்டாம். சுற்றிலும் காய்ந்த காகிதம். டார்ச்சின்மேல் ஆரஞ்சு நிறக் கண்ணாடித்தாள் சுற்றினால் தீ வெளிச்சம் கிடைக்கும்.

அதிகநாள் வைக்க வேண்டுமென்றால், முழுதும் காய்ந்தபின் ஃபெவிகாலைப் பத்துப் பங்கு நீரில் கரைத்து இரண்டடி தள்ளி நின்று பனித்துளியாக இருமுறை தெளியுங்கள். ஒரேயடியாக நனைத்தால் கரி ஒழுகிவிடும். அசல் ஓவியங்களுக்கு இந்த வேலையை இயற்கையே பல குகைகளில் செய்திருக்கிறது. இந்தோனேசியாவின் சுலவேசியில் ஒரு காட்டுப்பன்றி ஓவியத்தின்மேல் படிந்த கால்சியப் படலத்தைச் சோதித்துத்தான், அது குறைந்தது 45,500 ஆண்டுப் பழையது என்று 2021இல் அறிவித்தார்கள்.

பக்கத்தில் பாறை ஓவியத் தலம் இருந்து பிள்ளைகளை அழைத்துப் போவதென்றால், புறப்படும்முன் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: தொடக்கூடாது, படம் பளிச்சென்று வர வேண்டும் என்று தண்ணீர் தெளிக்கக்கூடாது, சாக்பீஸால் ஓரம் வரையக்கூடாது. பார்வையாளர்களின் மூச்சுக்காற்றே கெடுத்துவிட்டது என்று லாஸ்கோ குகையை 1963இல் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். சொந்தமாகக் காவி குழைத்த பிள்ளைகளுக்கு இது உடனே புரியும்.

வகுப்பு முடிந்ததும் கையையும் குச்சியையும் வாளித் தண்ணீரில் கழுவுங்கள், வாஷ்பேசினில் வேண்டாம். மணலும் களிமண்ணும் குழாய் வளைவில் போய் உட்கார்ந்தால் பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும். வாளியை ஒரு மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரைச் சாய்த்துவிட்டு, அடிச்சேற்றைத் துணியில் வடித்துக் குப்பையில் சேருங்கள். தூரிகைக் குச்சிகளில் ஃபெவிகால் காய்ந்துவிட்டால் மீட்க முடியாது, தூக்கிப் போட்டுவிடலாம். மீந்த செஞ்சேறு மூடிய புட்டியில் அடுத்த ஆண்டுவரை கெடாது. ஆனால் பசை கலந்தது ஒரு வாரத்தில் நாற்றமெடுக்கும், எனவே பசை கலக்கும்முன்பே தேவைக்குமேல் உள்ளதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.